காற்றாலை சிமுலேஷனில் பரப்பைப் பெரிதாக்கினால் விடை ஏன் மாறுகிறது?

அதே மலை, அதே மாஸ்ட் (காற்றை அளக்க நட்ட கம்பம்) தரவு, அதே டர்பைன்கள். சிமுலேஷன் பரப்பை மட்டும் 10 கிலோமீட்டரிலிருந்து 16 கிலோமீட்டருக்கு நீட்டி மறுபடி ஓட்டுகிறீர்கள். டர்பைன்கள் ஒரு மீட்டர்கூட நகரவில்லை, ஆனாலும் ஆண்டு உற்பத்தி மாறிவிடுகிறது. எந்த எண்ணை நம்புவது? பெரிய பரப்பில் வந்ததுதான் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. பரப்பை வைப்பது திரையில் ஒரு செவ்வகம் இழுக்கிற வேலையாகத் தெரியலாம், ஆனால் இந்த டர்பைனுக்கு வந்து சேரும் காற்று வருகிற வழியில் எந்த நிலத்தையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகிறது, அதில் எவ்வளவைக் கணக்கில் சேர்க்கப்போகிறோம் என்பதை அந்தச் செவ்வகம்தான் தீர்மானிக்கிறது.

காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். வேகம் வினாடிக்கு 7 மீட்டர் என்பது 7.14 ஆனால் அது வெறும் 2 சதவீத மாற்றம்தான், ஆனால் ஆற்றல் 6 சதவீதம் கூடிவிடும். டர்பைன் தன் முழுத் திறனை எட்டிய பிறகு கூடுதல் காற்றை எடுக்காது என்பதால் ஆண்டு உற்பத்தி அந்த அளவுக்கு ஏறாது. இருந்தாலும் ஒரு திட்டத்தின் கடன், லாபம் எல்லாமே ஓரிரு சதவீதத்தில் தொங்குகிறபோது, இதை அலட்சியமாக விட முடியாது.

ஒரே சொல், ஐந்து பரப்புகள்

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 'ஏரியா' என்று மென்பொருளில் பார்க்கும் இடமெல்லாம் ஒரே ஏரியா கிடையாது.

1. வரைபடப் பரப்பு: நில உயரத் தரவும் தரைத்தன்மைத் தரவும் (நீரா, புல்லா, காடா என்பது) எதுவரை இருக்கின்றன என்பது.

2. கணக்கீட்டு டொமைன்: காற்றோட்டச் சமன்பாடுகள் தீர்க்கப்படும் பெட்டி. இதற்கு நீள அகலத்தோடு உயரமும் உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

3. நெருக்கப் பகுதி: டொமைனின் நடுவில் கட்டங்கள் சின்னச் சின்னதாக இருக்கும் இடம். ரிஃபைன்மென்ட் என்று மெனுவில் இருக்கும்.

4. ரிசோர்ஸ் கிரிட்: கணக்கு முடிந்த பிறகு காற்று வரைபடமாக நமக்கு எழுதித் தரப்படும் பகுதி.

5. டர்பைன் வைக்க அனுமதி உள்ள நிலம்.

ஐந்தாவது நான்காவதுக்குள், நான்காவது மூன்றாவதுக்குள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி, எல்லாம் சேர்ந்து முதலாவதுக்குள் உட்கார வேண்டும். ரிசோர்ஸ் கிரிட்டை இழுத்துப் பெரிதாக்கிவிட்டு சிமுலேஷன் பரப்பை மாற்றிவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. அதில் காற்றோட்டக் கணக்கு துளியும் மாறுவதில்லை, வெளியே எழுதித் தரும் படத்தின் அளவுதான் மாறுகிறது. இனி இந்தக் கட்டுரையில் பரப்பு என்றால் முதல் மூன்றையும்தான் சொல்கிறேன்.

எல்லைக்கு அப்பால் மென்பொருளுக்கு என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. அதனால் ஓர் ஊகத்தை வைத்துக்கொள்கிறது. காற்றோட்டத்தை முப்பரிமாணத்தில் தீர்க்கும் சிஎஃப்டி வகை மென்பொருள்களில், காற்று நுழையும் சுவரில் ஒரு தயார் வேகப் படிமம் கொடுக்கப்படும். தரையில் பூஜ்யம், மேலே போகப் போக மடக்கை வளைவில் ஏறும் வேகம். முடிவில்லாத சமநிலத்தில், ஒரே மாதிரித் தரையில் வெகுதூரம் ஓடி வந்த காற்று இப்படித்தான் இருக்கும். அதாவது பெட்டியின் சுவருக்கு வெளியே உலகம் முழுக்க ஒரே தட்டையான மைதானம் என்று மென்பொருள் நம்புகிறது.

நிஜத்தில் அந்தச் சுவருக்கு 2 கிலோமீட்டர் முன்னால் ஒரு மலைமுகடு இருந்தால், அதன் பின்புறச் சுழற்சியோடு கலங்கி வரவேண்டிய காற்று பெட்டிக்குள் ஒழுங்காக, அமைதியாக நுழைகிறது. உள்ளே நுழைந்த பிறகு பெட்டிக்குள் இருக்கும் தரை அந்தப் படிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும். திருத்தி முடிப்பதற்குப் போதுமான தூரத்தை நாம் விட்டிருக்கிறோமா இல்லையா என்பதுதான் விஷயம்.

இந்தத் துறையில் மாதிரிகளைச் சோதிக்க அடிக்கடி பயன்படுவது ஸ்காட்லாந்தின் ஆஸ்கர்வீன் குன்று. சுற்றியிருக்கும் நிலத்திலிருந்து சுமார் 116 மீட்டர் உயரம், 1982, 1983 ஆண்டுகளில் அங்கே விரிவாக அளவெடுத்தார்கள். அதன் தென்மேற்கே தட்டையான நிலமும் அதற்கப்பால் அட்லாண்டிக் கடலும்தான். நுழையும் காற்று எப்படியிருக்கும் என்பதில் அங்கே பெரிய சந்தேகமே கிடையாது. ஆஸ்கர்வீனில் அழகாகப் பொருந்திய ஒரு மென்பொருள், மலைக்குப் பின் மலை என்று அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில் தடுமாறுவதற்குச் சமன்பாடுகள் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எல்லையில் வைத்த ஊகம் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம்.

பெட்டியே இல்லாத மாதிரிகளும் உண்டு

டென்மார்க்கின் ரிசோ ஆய்வுக்கூடத்தில் உருவாகி 1987இல் வெளிவந்த வாஸ்ப் போன்ற நேர்கோட்டு மாதிரிகளில் (சமன்பாடுகளை எளிமையாக்கித் தீர்ப்பவை) இப்படிச் சுவர்கள் கிடையாது. ஒவ்வொரு டர்பைனையும் மையமாக வைத்து வட்ட வட்டமாக ஒரு கிரிட் போட்டுக்கொள்ளும், மையத்துக்கு அருகே நெருக்கமாக, தள்ளிப் போகப் போக அகலமாக. அதனால் அங்கே பரப்பை மாற்றுவது என்றால் வரைபடத்தை நீட்டுவதுதான்.

சரி, வரைபடம் முடிகிற இடத்துக்கு அப்பால்? இருக்கிற கடைசித் தகவலே தொடர்வதாக எடுத்துக்கொள்ளும். கடற்கரைக்கு 500 மீட்டர் முன்னால் வரைபடத்தை வெட்டிவிட்டால் அந்த மாதிரிக்குக் கடலே கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரிவு அதிகமான இடங்களில் வரைபடத்தை எவ்வளவு நீட்டினாலும் நேர்கோட்டு மாதிரி சரியாகிவிடாது. டர்பைனைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ஆரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள நிலம் எவ்வளவு பங்கு என்பதை ரிக்ஸ் என்ற எண்ணால் சொல்வார்கள். அது மாஸ்ட் இருக்கும் இடத்தில் ஒன்றாகவும் டர்பைன் இருக்கும் இடத்தில் வேறாகவும் இருந்தால் பிழை வரும். அதைப் பரப்பை மாற்றித் தீர்க்க முடியாது.

அப்போது எவ்வளவு தூரம் விடுவது?

நில உயரத்துக்கு ஒரு கணக்கு, தரைத்தன்மைக்கு வேறு கணக்கு. இரண்டையும் ஒரே செவ்வகத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உயரத்தைப் பொறுத்தவரை, அந்தப் பகுதியில் காற்றைப் பாதிக்கும் பெரிய நில வடிவத்தின் கிடைமட்ட அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. வாஸ்ப் பயனாளர்களுக்குத் தரப்படும் வழிகாட்டுதலும் இதுதான். நடைமுறையில் எல்லா டர்பைனிலிருந்தும், மாஸ்ட்டிலிருந்தும் 5 முதல் 10 கிலோமீட்டர். டர்பைன் கூட்டத்தின் நடுவிலிருந்து அளக்கக்கூடாது, ஓரத்து டர்பைனிலிருந்து அளக்க வேண்டும்.

தரைத்தன்மைக்கு இன்னும் நீண்ட தூரம் தேவை. ரஃப்னஸ் நீளம் என்பது தரை காற்றை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று சொல்லும் எண். அமைதியான நீர்ப்பரப்புக்கு 0.0002 மீட்டர், புல்வெளிக்கு 0.03 மீட்டர் அளவில், அடர்ந்த காட்டுக்கு 0.5 மீட்டரோ அதற்கு மேலோ. நீரிலிருந்து காட்டுக்குள் காற்று நுழையும்போது மாற்றம் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறும். தோராயமாக 100 மீட்டர் தூரம் போனால் 1 மீட்டர் உயரம். அப்படிப் பார்த்தால் 120 மீட்டர் உயர ஹப்பை (டர்பைன் இறக்கைகளின் மையத்தை) அந்த மாற்றம் முழுதாகத் தொட 12 கிலோமீட்டர் ஆகும். அதனால்தான் ஹப் உயரத்தின் 100 மடங்கு, அல்லது 10 கிலோமீட்டர், இரண்டில் எது பெரிதோ அது என்கிறார்கள். இரவில் தரை குளிர்ந்து காற்று அடுக்கடுக்காக நிலைத்து நிற்கும்போது இந்த ஏற்றம் இன்னும் மெதுவாகும், தூரமும் கூடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காட்டு நிலத்தில் ஒரு டர்பைன், ஹப் 120 மீட்டர். காற்று அதிகம் வரும் திசையில் 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஏரி. டொமைன் எல்லையை 5 கிலோமீட்டரில் வைத்தால் ஏரி வெளியே போய்விடும், நுழைவுச் சுவரில் காட்டுக்கான படிமம்தான் கொடுக்கப்படும். உண்மையில் ஏரிமேல் வந்த வேகமான காற்று 120 மீட்டரில் இன்னும் முழுதாக மந்தமாகியிருக்காது. நம் மாதிரி அதை மந்தமான காற்றாகவே காட்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது மாஸ்ட்டின் பங்கு. காற்றோட்டக் கணக்கு பெரும்பாலும் விகிதத்தைத்தான் தருகிறது: மாஸ்ட்டில் இவ்வளவு என்றால் டர்பைனில் அதைப்போல எத்தனை மடங்கு என்று. மாஸ்ட்டும் டர்பைனும் ஏரியிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் எல்லைப் பிழை இரண்டிலும் ஒரே மாதிரி ஏறி விகிதத்தில் அடிபட்டுப் போகும். மாஸ்ட் ஏரியிலிருந்து 3 கிலோமீட்டரில், டர்பைன் 8 கிலோமீட்டரில் என்றால் அடிபடாது. அளவீட்டு உயரமும் ஹப் உயரமும் வேறுபட்டாலும் அப்படித்தான். அதனால் 'எனக்கு எவ்வளவு பரப்பு தேவை' என்று கேட்பதற்கு முன்னால், என் மாஸ்ட்டும் என் டர்பைனும் ஒரே காற்றைப் பார்க்கின்றனவா என்று திசைவாரியாகப் பாருங்கள். இந்தக் கேள்வியை எழுப்பிய பிறகு பரப்பு பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

பெட்டிக்குக் கூரையும் உண்டு

600 மீட்டர் உயர மலைத்தொடர் ஒன்று டொமைனின் குறுக்கே முழுக்கப் படுத்திருக்கிறது, கூரையை 1500 மீட்டரில் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகட்டுக்கு மேலே காற்று போக 900 மீட்டர்தான் இடம், அதாவது 40 சதவீதம் அடைபட்டுவிட்டது. உள்ளே வந்த அத்தனை காற்றும் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும், அதனால் சராசரி வேகம் சுமார் 1.67 மடங்காகிவிடும். அதே கூரை 6000 மீட்டரில் இருந்தால் அடைப்பு 10 சதவீதம், ஏற்றம் 1.11 மடங்கு. முகட்டில் டர்பைன் வைக்கும் திட்டத்தில் தாழ்வான கூரை தருவது பொய்யான லாபம்.

பரப்பைக் கிடைமட்டமாக நீட்டும்போது தூரத்தில் இருந்த ஓர் உயரமான சிகரம் புதிதாக உள்ளே வந்துவிடும், கூரை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். விடை மாறியதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அகலத்தை மாற்றினால் கூரையையும் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

செல் கணக்கு போடாமல் நீட்டக்கூடாது

எல்லாவற்றையும் 50 கிலோமீட்டருக்கு வைத்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். கணினி விடாது.

20க்கு 20 கிலோமீட்டர் பரப்பு, 50 மீட்டர் செல் (ஒரு கட்டம்) என்றால் தரையில் 400 பெருக்கல் 400, மொத்தம் 1,60,000. உயரத்தில் 40 அடுக்கு வைத்தால் 64 லட்சம் செல்கள். செல்லை 25 மீட்டராகக் குறைத்தால் 2 கோடியே 56 லட்சம். சிஎஃப்டியில் 10 லட்சம் செல்லுக்குத் தோராயமாக 1 ஜிபி நினைவகம் என்று வைத்துக்கொள்ளலாம், இதைக் காற்று வரும் 12 திசைகளுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

நினைவகம் போதாதபோது பலர் செய்வது, பரப்பை நீட்டிவிட்டுச் செல்லைப் பெரிதாக்குவது. இது மோசமான பண்டமாற்று. 100 மீட்டர் செல்லில் 200 மீட்டர் அகல முகடு இரண்டே செல்லில் அடங்கி மழுங்கிவிடும், டர்பைன் நிற்கும் இடமே தரைமட்டத்தில் தாழ்ந்துபோகும். எல்லையைச் சரிசெய்யப் போய் நடுவைக் கெடுத்துக்கொள்கிறோம்.

நெருக்கப் பகுதி இருப்பது இதற்காகத்தான். நடுவில் 6க்கு 6 கிலோமீட்டருக்கு மட்டும் 25 மீட்டர் செல், அதாவது பக்கத்துக்கு 240. அங்கிருந்து எல்லைவரை மீதமுள்ள 7 கிலோமீட்டரில் ஒவ்வொரு செல்லும் முந்தையதைவிட 10 சதவீதம் பெரிதாகப் போகட்டும். அந்த 7 கிலோமீட்டரை 36 செல்லில் கடந்துவிடலாம். மொத்தம் பக்கத்துக்கு 312, 40 அடுக்கோடு சுமார் 39 லட்சம். சீராக 50 மீட்டர் போட்டதைவிடக் குறைவு, நடுவிலோ அதைவிட இரண்டு மடங்கு நுணுக்கம்.

ஆனால் ஓரத்துச் செல் கிட்டத்தட்ட 700 மீட்டராக ஊதியிருக்கும். தட்டையான நிலத்தில் பரவாயில்லை, மலைகளை உள்ளே கொண்டுவரத்தான் பரப்பையே நீட்டினோம் என்றால் அந்த மலைகள் 700 மீட்டர் செல்லில் கரைந்துபோகும். வளர்ச்சியை 5 சதவீதமாக்கினால் ஒரு பக்கத்துக்கு 56 செல், மொத்தம் சுமார் 50 லட்சம், ஓரத்துச் செல் 370 மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. பெரும்பாலான மலைப்பகுதிகளுக்கு நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன்.

கோடு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம்

எவ்வளவு தூரம் என்பதோடு எந்த நிலத்தின்மேல் கோடு விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். மலைச்சரிவின் நடுவே வெட்டினால் நுழைவுச் சுவரில் சாய்ந்த தரைமேல் சமநிலப் படிமம் வந்து விழும். வெளியேறும் பக்கத்தில் செங்குத்தான சரிவு இருந்தால் காற்று திரும்பி உள்ளே வரப் பார்க்கும், கணக்கு ஒரு நிலைக்கு வராமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு திசை மட்டும் கன்வர்ஜ் ஆக மறுக்கிறது என்றால் முதலில் அந்தத் திசையின் வெளியேறும் சுவரைப் போய்ப் பாருங்கள். கோட்டைப் பள்ளத்தாக்கின் சமதளத்துக்கோ நீர்ப்பரப்புக்கோ 1 கிலோமீட்டர் நகர்த்தினாலே பல சமயம் சரியாகிவிடும். எல்லாப் பக்கமும் சம தூரம் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, காற்று அதிகம் வரும் திசையில் கூடுதலாக நீட்டுவது நியாயமான செலவு.

அப்புறம் தரவின் ஓட்டைகள். 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில், தகவல் இல்லாத இடங்களில் -32768 என்ற எண் நிற்கும். பரப்பை நீட்டும்போது புதிதாக உள்ளே வந்த மூலையில் அப்படி ஓர் ஓட்டை இருந்து, இறக்குமதி செய்யும்போது அது பூஜ்யமாக மாறிவிட்டால், 800 மீட்டர் பீடபூமியின் நடுவே கடல்மட்டத்துக்கு இறங்கும் ஒரு கிணறு உருவாகிவிடும். மென்பொருள் எதுவும் சொல்லாது, கடமையாக அந்தக் கிணற்றைச் சுற்றிக் காற்றை ஓட்டித் தரும். வரைபடத்தின் குறைந்தபட்ச, அதிகபட்ச உயரத்தை ஒருமுறை பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

மாற்றிப் பார்க்கும் முறை

1. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லையை நகர்த்தும்போது நெருக்கப் பகுதியின் அளவும் செல் அளவும் அப்படியே இருக்கட்டும்.

2. எல்லையைச் செல் அளவின் முழு மடங்கில் நகர்த்துங்கள். 25 மீட்டர் செல்லில் 1010 மீட்டர் நகர்த்தினால் மொத்தக் கட்டமும் 10 மீட்டர் தள்ளி உட்காரும், முகட்டில் நிற்கும் டர்பைனின் தரை உயரம் மாறிவிடும். பிறகு வந்த வித்தியாசம் எல்லையாலா கட்டத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

3. பழையது, கால் பங்கு பெரிதானது, பாதிப் பங்கு பெரிதானது என்று மூன்று அளவுகளில் ஓட்டுங்கள். இரண்டு ஓட்டங்களை வைத்து விடை நிலைக்கு வருகிறதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாது.

4. மொத்த உற்பத்தியை மட்டும் ஒப்பிட வேண்டாம். ஒரு திசையில் கூடி இன்னொன்றில் குறைந்து, மொத்தத்தில் மாற்றமே இல்லாததுபோல் காட்டும். திசைவாரியாக, டர்பைன்வாரியாக, மாஸ்ட்டுக்கும் டர்பைனுக்கும் உள்ள வேக விகிதத்தைப் பாருங்கள். கடைசி இரண்டு அளவுகளுக்கு இடையே அந்த விகிதம் எங்கேயும் அரை சதவீதத்துக்கு மேல் நகரவில்லை என்றால் நான் அங்கே நிறுத்திக்கொள்வேன்.

5. இரண்டு மாஸ்ட் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கணித்துப் பாருங்கள். பரப்பை நீட்டியதும் கணிப்பு அளவீட்டை நெருங்கினால் நல்லது. விலகினால், புதிதாக உள்ளே வந்த நிலத்தின் தரவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

'பெரிய பரப்பில் வந்ததுதான் சரியா' என்ற கேள்விக்கும் மூன்றாவது, நான்காவது படிகளில்தான் பதில் இருக்கிறது. எல்லையை மேலும் தள்ளினாலும் டர்பைனில் விடை அசையவில்லை என்றால்தான் அந்தப் பரப்பு போதுமானது.

வேக் கணக்கின் பரப்பு வேறு

டர்பைன் ஆற்றலை எடுத்துக்கொண்ட பிறகு பின்னால் நீளும் வேகம் குறைந்த காற்றுதான் வேக். அது பெரும்பாலும் தனி மாதிரியில் கணக்கிடப்படுகிறது, அங்கேயும் ஒரு பரப்பு முடிவு ஒளிந்திருக்கிறது: அக்கம்பக்கத்துக் காற்றாலைப் பண்ணைகளில் எதுவரை சேர்ப்பது? நிலத்தில், சுற்றியிருக்கும் சில கிலோமீட்டரில் உள்ளவற்றைச் சேர்த்தால் பல இடங்களில் போதும். கடலில் அப்படியில்லை. கலக்கம் குறைந்த நிலையான காற்றில் கடல் பண்ணைகளின் வேக் 70 கிலோமீட்டர்வரை நீள்வதை விமானத்தில் பறந்து அளந்து 2018இல் வெளியிட்டார்கள்.

டர்பைன் கூட்டத்துக்கு முன்னாலேயே காற்று மெதுவாகிவிடுவதும் உண்டு, அதைத்தான் பிளாக்கேஜ் என்கிறார்கள். 2019இல் டென்மார்க்கின் காற்றாலை நிறுவனமான ஆர்ஸ்டட், வேக்கையும் பிளாக்கேஜையும் குறைவாக மதிப்பிட்டுவிட்டதாக அறிவித்துத் தன் எதிர்கால லாப மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டது. டர்பைன்களையே உள்ளே வைத்து சிஎஃப்டியில் பிளாக்கேஜைக் கணக்கிடுகிறீர்கள் என்றால் பக்கச் சுவர்களும் கூரையும் இன்னும் தள்ளி இருக்க வேண்டும். பண்ணையைச் சுற்றி விலகிப் போகவேண்டிய காற்று சுவரில் இடித்து மறுபடி டர்பைன்கள் வழியாகவே தள்ளப்பட்டால், நாம் தேடிய சின்ன வேகக் குறைவு கண்ணிலேயே படாமல் போய்விடும்.